திரும்பச் செய்யாமல் இருப்பதற்கு

தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு வராது. அறிவியல் டீச்சருக்கு அது நல்ல குணம் என்றுதான் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாசி மாதம் ஏழாம் வகுப்பில் அந்த நினைப்பு போயிற்று.

நான் வேலை பார்ப்பது முத்துப்பேட்டைக்கு மேற்கே, கடைமடையில் ஒரு நடுநிலைப் பள்ளி. கல்லணையில் தண்ணீர் திறந்து, மேலே இருக்கிற ஊர்களெல்லாம் வாங்கிக்கொண்டு, மிச்சம் எங்களிடம் வந்து சேர நாளாகும். வருகிற அன்று ஊரே போட்டது போட்டபடி ஆற்றுக்குப் போய்விடும். காய்ந்த மணலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, கணுக்கால் உயரத்தில் தண்ணீர் ஊர்ந்து வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். தண்ணீர் காலைத் தொட்டுவிட்டால் தோற்றுப்போனதாகக் கணக்கு. அன்றைக்கு மட்டும் எங்கள் பள்ளியில் அரை மணி முன்னாலேயே மணி அடித்துவிடுவோம். எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். பெற்றோர் யாரும் கேள்வி கேட்டதில்லை. "தண்ணி எதுவரைக்கும் வந்துருக்குன்னு பாத்துட்டு வா" என்று அவர்களே பிள்ளையை அனுப்புகிறவர்கள்தான்.

அதற்கு முந்தைய ஆனியில் தலைமையாசிரியர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மணி அடிக்கச் சொன்னது நான்.

ஆற்றுக்கு நடுவில், கோடையில் யாரோ மண் அள்ளிய குழி ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாத குழி இல்லை. அதற்குள் இறங்கி ஒளிந்து விளையாடியவர்கள்தான். ஆனால் தண்ணீர் குழியை நிரப்பிவிட்டு மேலே மட்டமாகப் பரவியதும், கணுக்கால் ஆழம் எது, இரண்டு ஆள் ஆழம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பி ஓடினாள். அவளுடைய அக்கா, என்னுடைய ஏழாம் வகுப்பு மாணவி, பத்தடி தள்ளி நின்றாள். கத்தவில்லை. ஓடவில்லை. பார்த்தபடியே நின்றாள். தங்கையை உயிரோடு எடுக்க முடியவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம், வழக்கம்போல நாலு பத்துக்குப் பள்ளி விட்ட பிறகு நடந்தது என்று ஊர் முழுக்க ஒரே மாதிரி சொன்னது. என்னைக் காப்பாற்றத்தான். அந்தப் பெண்ணும் அப்படியே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சமாவது வெட்கம் இருந்திருந்தால் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. கூப்பிட்டால் எழுந்து பதில் சொல்வாள், உட்காருவாள், அவ்வளவுதான். "கல்லு மாதிரி இருக்கா டீச்சர். நீங்க சொன்னா கேப்பா, ஏதாவது பேசிப் பாருங்க" என்று அவளுடைய அம்மா இரண்டு தடவை வந்து கேட்டார். என்னிடம் வந்து கேட்டார்.

தனியாகக் கூப்பிட்டுப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். மனிதனுக்கு உணர்ச்சிகள் எதற்காக வந்தன என்று வகுப்புக்கே பாடமாகச் சொல்லிவிடுவது. எல்லோருக்கும் சொல்கிற சாக்கில் அவளுக்கும் சொன்னதாகிவிடும். அழுகை எதற்கு என்று புரிந்தால் அழுதுவிடுவாள் என்று நம்பினேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சல் வருகிறது.

பாடம் நன்றாகத்தான் போயிற்று. கயிற்றைப் பாம்பு என்று நினைத்துத் துள்ளியவன் பிழைத்தான், பாம்பைக் கயிறு என்று நினைத்தவன் பிழைக்கவில்லை; பிழைத்தவர்களின் பிள்ளைகள் நாம், அதனால்தான் நமக்குப் பயம் வருகிறது என்றேன். கெட்டுப்போன மீனை மோந்தால் முகம் சுளிப்பது வயிற்றைக் காக்க. "எங்கப்பாவுக்கு வர்ற கோவம் எதுக்கு டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டான். "உன் மார்க்கப் பாத்தா எனக்கே வருதேடா" என்றேன். சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, அழுகை என்பது ஒரு கூப்பாடு, அழுகிறவரைப் பார்த்தால் நாலு பேர் கிட்டே வருவார்கள், அதற்காக வந்தது என்றேன். அவள் பக்கம் பார்க்காமல்தான் சொன்னேன்.

அவள் எழுந்தாள். மாதக்கணக்கில் அவளாக எழுந்தது அன்றைக்குத்தான்.

"கால் அசையாம நின்னுடுறதும் பயம்தானா டீச்சர்?"

பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. "ஆமாம்மா. ஆபத்து வந்தா முயல்கூட அப்படியே உறைஞ்சு நிக்கும். அசைஞ்சாத்தான மாட்டிக்கும். உயிரக் காப்பாத்தத்தான் அதுவும்."

"யாரு உயிர?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொய் சொல்லியிருக்கலாம். முன்னால் ஒரு பெரிய பொய்யை ஊரே எனக்காகச் சொல்லியிருந்தது. எனக்கு ஒரு சின்னப் பொய்கூட வாயில் வரவில்லை.

"நிக்கிறவங்க உயிர" என்றேன்.

"சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன். "உன் மேல தப்பே இல்லம்மா. மணி அடிக்கச் சொன்னது நான். தப்பு என்னோடது" என்றேன். எட்டு மாதம் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட நிம்மதி எனக்குத்தான் வந்தது. அவளுக்கு வரவில்லை.

தட்டை உதறிக்கொண்டே கேட்டாள். "தப்புப் பண்ணிட்டோம்னு உள்ளுக்குள்ள ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருக்குல்ல டீச்சர், அது எதுக்கு வந்துச்சு? அத மட்டும் நீங்க சொல்லலயே."

"செஞ்சதத் திரும்பச் செய்யாம இருக்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

இந்த ஆனியிலும் தண்ணீர் வந்தது. மூன்று மணிக்கே பக்கத்து ஊர் வரை வந்துவிட்டதாகப் போன் வந்தது. தலைமையாசிரியர் உட்பட மொத்தப் பள்ளியும் என் முகத்தைப் பார்த்தது. மணி அடிக்கும் கட்டையை என் மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். நாலு பத்து வரைக்கும் யாரையும் விடவில்லை. குழி இருந்த இடத்தில் ஊர்க்காரர்கள் மூங்கில் நட்டு, பெரியவர்கள் இரண்டு பேர் காவல் நின்றார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டே ஓடினார்கள். எட்டாம் வகுப்பில் அவள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ போகலையா?"

"இல்ல டீச்சர்."

ஆற்றுப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. எல்லாம் சந்தோஷக் கூச்சல்தான். அவள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கில் விடை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"திரும்பச் செய்யாம இருக்க உங்களுக்கு இன்னொரு தடவ கெடச்சுது டீச்சர்."