வாயில் கொண்டுபோன பாட்டு

அக்காவை நினைத்தால் முதலில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்புத்தான் கண்ணுக்கு வருகிறது. ஜேர்மனியின் எசன் நகரில், மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் எதிரெதிரே நின்று வேலை செய்தோம். ஈர விரிப்பின் இரண்டு முனை என் கையில், இரண்டு முனை அவர் கையில். உதறி விரித்து, மாங்கல் என்று எல்லோரும் சொல்லும் சூடான பெரிய உருளைக்குள் அனுப்ப வேண்டும். உதறும்போது விரிப்பு எழும்பி அவர் முகத்தை மறைக்கும். அந்தக் கணத்தில் அவருடைய குரல் மட்டும் வரும். எதையோ வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். விரிப்பு உள்ளே போய் முகம் தெரிந்ததும் நிறுத்திவிடுவார். நெடுநாளாக அதைத் தொழுகை என்றே நினைத்திருந்தேன்.

அவர் சோமாலியாவிலிருந்து வந்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் வேறு பெயரில் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. நாங்கள் பேசியது இரண்டு பேருக்கும் கால் ஊனமான ஜேர்மன் மொழி. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தால் அவர் பேசியதெல்லாம் எங்களுடைய யாழ்ப்பாணத் தமிழாகத்தான் என் காதில் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். பல் வைத்தியரிடம் ஒரு டெர்மின் எடுப்பதற்கே, அதாவது வர நேரம் கேட்பதற்கே, குளியலறைக்குள் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தொலைபேசியைத் தூக்குவேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களில் என் கணவர்தான் பேசுவார். ஆனால் அக்காவோடு எனக்குப் பேச வந்தது. நடுவில் ஒரு விரிப்பு இருந்ததால்கூட இருக்கலாம்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்னக்கா, கடவுளோடயோ கதைக்கிறியள்?"

"கடவுளோட இல்லை. என்ர தங்கச்சியோட. அவளுக்குப் பதில் சொல்லுறன். ஆனா இன்னும் அனுப்பேல்லை."

அன்றைக்குத்தான் எனக்கு அவர்களுடைய பாட்டைப் பற்றித் தெரியவந்தது. அக்காவின் ஊரில் ஒட்டகம் இரவல் கேட்பதென்றாலும் பாட்டு, பெண் கேட்பதென்றாலும் பாட்டு. இரண்டு கூட்டத்தார் வெட்டிக் குத்துப்பட்டு நின்றால் சமாதானத்துக்கும் முதலில் ஒரு பாட்டுத்தான் போகும். அவருடைய தாயின் சிறு வயதில் அவர்கள் மொழியைப் பள்ளியில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் பாட்டு வாயில்தான் நடக்கும். ஒருவர் கட்டுவார், இன்னொருவர் பாடமாக்கிச் சுமந்துபோவார். சுமப்பவர் கட்டியவரின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. பின்னாளில் கசெற்றும் கைபேசியும் வந்தன. பாட்டின் மரியாதை மட்டும் குறையவில்லை. பெண்கள் கட்டும் பாட்டுக்குப் புரான்புர் என்று பெயர். கல்யாண வீடுகளில் கைதட்டி, மேளம் தட்டிச் சொல்வார்கள். தொடக்கத்தில் எந்த எழுத்தைப் பிடிக்கிறார்களோ, கடைசிவரை அடிக்கு அடி அந்த எழுத்து வர வேண்டும். பதில் சொல்பவரும் அதே எழுத்தில் சொன்னால்தான் பெருமை. பத்தாம் வகுப்பில் மோனை என்று படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் சோதனைக்குப் படித்ததை இந்த மனிதர்கள் சண்டைக்கும் சமாதானத்துக்கும் வைத்திருந்தார்கள்.

அக்காவுக்கு ஹனோவரில் ஒரே ஒரு தங்கை. அவரும் பாட்டுக் கட்டுபவர். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் அந்தத் தங்கை எழுந்து நின்று அக்காமேல் ஒரு வசைப்பாட்டுச் சொன்னார். அவர்களின் மொழியில் தாய் என்ற சொல் ஹ என்று தொடங்கும். பாட்டு முழுக்க ஹ. பொருளை அக்கா சொன்னபோது நான் அதைத் த என்ற எழுத்தில் சொல்லிப் பார்த்தேன்: தாகத்தில் தாயைத் தவிக்கவிட்டுத் தண்ணீர் ஓடும் தேசத்துக்குத் தப்பியவள். அக்கா அந்த ஒலியை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். "உங்கட மொழியிலயும் குத்துது," என்றார்.

அந்தப் பாட்டு ஹனோவரோடு நிற்கவில்லை. சோமாலிப் பெண்கள் கூடிய இடமெல்லாம் யாராவது ஒருத்தி அதைச் சொன்னாள். பதில் பாட்டு ஒன்று போகாதவரை வசை உண்மை என்றே நிற்கும். அக்காவோ பதில் அனுப்பவில்லை. இப்போது அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் சின்னம்மா வந்து முன்னுக்கு நின்று வாழ்த்துப் பாட வேண்டும். அவர் வராவிட்டால் அந்த வெறுமையில் வேறு யாராவது வசையைத்தான் எடுப்பார்கள்.

"போன் எடுத்துச் சொல்லுங்கோவன்," என்றேன்.

"அவள் சத்தியம் பண்ணினவள். என்ர குரலைச் சாகுமட்டும் கேக்கமாட்டாளாம். வேற வாயில போனாத்தான் கேப்பாள்."

"அப்ப யாரைக் கொண்டு அனுப்புவியள்?"

"மகள் சொன்னா அது சாட்சி இல்லை. பெத்தவளுக்குப் பிள்ளை பரிஞ்சு கதைக்குதெண்டுவினம். இஞ்ச இருக்கிற எங்கட பெண்டுகள் எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கு. என்ர தங்கச்சியின்ர வாய்க்கும் பயப்பிடுவினம். கொண்டு போறவளுக்குமேல அடுத்த பாட்டு வந்திடும்." விரிப்பு கீழே இறங்கியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குப் பக்கம் இல்லை. அவள் உன்னை ஏசிப் பாடினாலும் உனக்கு விளங்கப் போறதில்லை."

"ஐயோ அக்கா, எனக்கு ஏலாது!"

அவர் வற்புறுத்தவில்லை. மறுநாள், பாட்டின் முதல் அடியை மட்டும் சத்தமாகச் சொன்னார். சொல்லிப் பார்ப்பதில் என்ன வந்தது என்று நானும் சொன்னேன். அப்படித்தான் அகப்பட்டேன்.

தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அவர்களின் ஒலிகளுக்கு எங்கள் எழுத்துப் போதவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டியபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பின் காதால் மட்டும். "தொண்டையால விடு. குளிருக்க கண்ணாடியில ஊதுற மாதிரி," என்பார். விரிப்புக்கு ஒரு அடி. உருளையின் இரைச்சல் எங்களுக்கு மேளம். சிறுவயதில் கோயிலில் பொருள் தெரியாமலே எவ்வளவோ பாடமாக்கியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் உதவியது. வீட்டில் வெங்காயம் வெட்டும்போதும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, பேய் கீய் பிடிச்சிட்டுதோ?" என்றார் கணவர்.

"ஹனோவருக்குப் போகப் போறன்."

"ஆர், நீரோ? பக்கத்து வீட்டு மனிசிக்கு வணக்கம் சொல்லவே என்னை அனுப்புறனீர்!"

பாட்டு முழுதும் வாயில் நின்ற பிறகுதான் அக்கா பொருளைச் சொன்னார். சண்டைக் காலத்தில் அவர்கள் பட்டணத்தைவிட்டுக் கிளம்பிய கடைசி லொறியில் அக்கா ஏறினார். வயிற்றில் பிள்ளை. தாய்தான் ஏற்றிவிட்டார். "உள்ளே இருப்பதைக் கொண்டுபோய்ச் சேர். நான் பிறகு வருகிறேன்" என்றாராம். அப்போது தங்கை வேறு ஊரில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது தாய் காய்ச்சலில் இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. தாய் ஏன் லொறியில் ஏறவில்லை என்பதற்கு ஒரே ஓர் அடி: தாய் தங்கியது தங்கைக்காக.

அதைச் சொன்ன அடுத்த நாள், வேலை தொடங்கியதும் அக்கா சொன்னார்: "அந்த அடியை எடுத்திட்டன். மறந்திடு."

"ஏனக்கா? அதுதானே உங்கட நியாயம்!"

"என்ர நியாயம் அவளுக்குக் கொலை. இவ்வளவு காலம் பதில் சொல்லாம இருந்தது அதுக்குத்தான். அந்த அடி இல்லாமச் சொல்லத் தெரிஞ்சாச் சொல்லுவம், இல்லாட்டி விடுவம்."

பாடமாக்குவது எனக்குத் தெரியும். மறப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த இடம் வந்தால் நாக்கு தானாக அந்த அடியை எடுத்துக்கொண்டு வந்தது. சொல்லச் சொல்ல இன்னும் இறுகியது. கல்யாணத்துக்கு முந்திய மாதம் ஹனோவரில் ஒரு பெண்கள் விருந்து இருந்தது. ஒரு சனிக்கிழமை, அக்காவின் மகளோடு ரயில் ஏறினேன். ரயில் வழக்கம்போலப் பிந்தியது. பிந்திப்போய் விருந்து முடிந்திருக்கட்டும் என்று நேர்ந்துகொண்டேன். முடிந்திருக்கவில்லை.

மண்டபம் நிறைய நிறம் நிறமான சேலைபோன்ற உடைகள், சாம்பிராணிப் புகை, சிரிப்பு. தங்கை யாரென்று மகள் காட்டவேண்டியிருக்கவில்லை. அக்காவின் அதே நெற்றி. மகளைக் கண்டதும் அவர் கையைக் கட்டிக்கொண்டார். மகள், விருந்து வைத்த பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவர் கைதட்டி எல்லோரையும் அமர்த்தினார். நான் நடுவில் நின்றேன். எனக்குப் பழகிய விரிப்பு அங்கே இல்லை.

முதலில் அக்காவின் பெயரைச் சொன்னேன், அவர் தகப்பனின் பெயரைச் சொன்னேன். பாட்டு அவருடையது, வாய்தான் என்னுடையது என்று அவர்கள் மொழியிலேயே சொன்னேன். யாரோ சிரித்தார்கள். என் உச்சரிப்புக்கு அது நியாயமான சிரிப்புத்தான். இரண்டாம் அடியில் சிரிப்பு நின்றது. அதற்குப் பின் கைதட்டல் தொடங்கியது. ஒரு முதிய பெண் மேளத்தை மடியில் இழுத்துக்கொண்டார். அந்தத் தாளம் எங்கள் உருளையின் தாளமேதான். என் குரல் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு குரல் எனக்கு இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை.

லொறி வந்தது. தாய் மகளை ஏற்றினார். வயிற்றில் இருந்ததைக் கொண்டுபோகச் சொன்னார். அடுத்து அந்த அடி. அது நுனிநாக்கில் வந்து நின்றது. முதல் ஹ வெளியேறியே விட்டது, வெறும் மூச்சாக. நான் வாயை மூடிக்கொண்டேன். கைதட்டல் அந்தரத்தில் நின்றது. மேளம் நின்றது. எச்சிலை விழுங்கினேன். தங்கை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு நான் அடுத்த அடிக்குத் தாவினேன். அன்று வயிற்றில் போன பிள்ளைக்கு இன்று கல்யாணம், நம் தாய் காப்பாற்றியதை வந்து பார், தங்கையே, உன் வாய் இல்லாமல் அவளுக்கு வாழ்த்து இல்லை என்று பாட்டு முடிந்தது.

தங்கை எழுந்தார். இனி வசைதான் என்று நினைத்தேன். அவர் ஹ என்ற எழுத்தில் தொடங்கினார். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் பொருளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல அவளுடைய ஜேர்மன் நடுங்கியது. இந்தப் பாட்டில் ஒரு பல் விழுந்திருக்கிறது, விழுந்த இடம் என் காதுக்குத் தெரிகிறது, அந்தப் பல்லை நான் வைக்கிறேன் என்றாராம். பிறகு சொன்னதை நான் எனக்காகத் த எழுத்தில் வைத்திருக்கிறேன்: தாமதித்தவள் நான். தாய் தங்கியது எனக்காக. தமக்கை தன் தலையில் தாங்கினாள் என் பழியை.

அவருக்கு அது எப்போதுமே தெரிந்திருக்கிறது. அக்காவைத் திட்டிய பாட்டு அந்தப் பாரத்தை இறக்கிவைக்க இடம் தேடித்தான் வந்திருக்கிறது.

மண்டபம் முழுக்கக் குரவை எழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. யார் யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். தங்கை அக்காவின் மகளுடைய முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல ஜேர்மனில் கேட்டார்: "என்ர அக்காவின்ர நம்பர் உன்னட்ட இருக்கோ?"

"அப்ப, உங்கட சத்தியம்?" என்றேன்.

"அது கிடக்கட்டும். நோன்பு பிடிச்சுக் கழிப்பன்."

அவர் கல்யாணத்துக்கு வந்தார். முந்திய நாளே வந்து சமையலில் குறை சொன்னார், மண்டபத்தில் நாற்காலிகளை மாற்றிப் போடச் சொன்னார், அக்காவின் உடையைப் பார்த்துக் கிழவி என்றார். "ஏன் கூப்பிட்டன் எண்டு இருக்கு," என்று அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் முறையிட்டார். வாழ்த்தை இருவரும் அடிக்கு அடி மாறி மாறிச் சொன்னார்கள். பழைய வசையை அன்று யாரும் எடுக்கவில்லை. அதன்பின் எங்கேயும் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது அக்கா ஹனோவரில், தங்கையின் அடுத்த தெருவில் இருக்கிறார். மாங்கலின் மறுபக்கம் ஒரு போலந்துப் பெண் நிற்கிறாள். நல்ல பிள்ளை, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்வாள். அந்தப் பதில் பாட்டு லண்டன், டொரொண்டோ என்று எங்கெல்லாமோ போய்விட்டதாக அக்கா சொல்கிறார். இந்தப் பெருநாளுக்கு என்னையும் கணவரையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் ஒரு சின்னப் பெண், ஹனோவரிலேயே பிறந்தவள், அந்தப் பாட்டை எடுத்தாள். அழகான குரல். அக்காவின் பெயரை முறையாகச் சொல்லித் தொடங்கினாள். லொறி வந்தது, தாய் ஏற்றினார், உடனே அடுத்த அடிக்கு ஓடிவிட்டாள்.

"நில்லடி!" என்று ஜேர்மனில் கத்தினார் தங்கை. "அதில நிக்கவேணும்! மூச்சு விட்டு, எச்சில் விழுங்கி, பேந்துதான் போகவேணும்!"

"ஏன் மாமி, அங்கதான் சொல்லே இல்லையே?"

"சொல்லு இல்லாட்டி? பாட்டு எங்களுக்கு அப்பிடித்தான் வந்து சேர்ந்தது. மாத்தக்கூடாது. நம்பாட்டி, கொண்டு வந்தவள் அந்தா இருக்கிறாள், கேள்!"

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் நிலத்தைப் பார்த்துவிடுவேன். அக்கா எதிரே இருந்து புருவத்தை உயர்த்தினார். நான் எழுந்து நடுவுக்குப் போனேன். அவர் பெயரைச் சொன்னேன், அவர் தகப்பனின் பெயரைச் சொன்னேன், முதல் அடியிலிருந்து தொடங்கினேன்.