தண்ணி லாரிக்கு ஒரு வெப்சைட்

சர்வர் வேலையில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் நல்லா இருந்ததையும் நாமே கெடுத்து வைத்திருப்போம். கறுப்புத் திரையை முறைத்துக் கண் சிவந்த மக்களே, உங்களைச் சிரிக்க வைக்கிறேன். ஆனா உடனே இல்லை, எங்க முதலாளி அருள் அண்ணன் முதலில் கொஞ்சம் வியர்க்கட்டும்.

பாளையம்பட்டியில் அவருக்குக் கம்ப்யூட்டர் சென்டர். பாலிடெக்னிக் லீவில் நான் அங்கே எடுபிடி. ஜெராக்ஸும் கரண்ட் பில்லுமாக இருந்த கடைக்கு முதல் வெப்சைட் வேலை வந்தது: மல்லாங்கிணறு கோபால் அண்ணாச்சியின் தண்ணி லாரியை போனிலேயே புக் பண்ண ஒரு பக்கம். சாயங்காலத்துக்குள் ஓடலேன்னா வேலை மதுரைக்காரங்களுக்குப் போயிரும்.

சமையல் குறிப்பு

வாடகை லினக்ஸ் சர்வரில் பக்கத்தை ஊருக்குக் காட்டும் அப்பாச்சி போட்டாச்சு, கோடை ஓட்டும் பிஎச்பியும் போட்டாச்சு. பக்கத்தைத் திறந்தா, ஊர் பேர் கேட்கும் பெட்டிக்குப் பதிலா அண்ணன் எழுதிய புரோகிராம் கோடு முழுக்க அப்படியே விரிஞ்சு கிடக்கு! ரெண்டையும் கோத்துவிடும் மாட்யூலை ஏத்த மறந்துட்டார். அண்ணாச்சி போனில் வந்தார். டிரம்முக்குள்ளிருந்து வரும் குரல். எனக்கு அப்பவே மனப்பாடம். "அதாகப்பட்டது தம்பி, நான் சோறு கேட்டா நீங்க சமையல் குறிப்பைக் குடுத்திருக்கீக!"

ரெண்டு துண்டு

மாட்யூலை ஏத்தினோம். அப்பாச்சி எழவே மாட்டேன் என்றது. வெப் பக்கம் போய்வரும் வாசலான எண்பதாம் போர்ட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கு என்று, கோளாறையெல்லாம் குறித்து வைக்கும் லாகில் தகவல். யாருன்னு பார்த்தா, அப்பாச்சியை நிறுத்தியிருந்த நடுவில் பதறிப்போய் ஏதோ வீடியோவைப் பார்த்து அண்ணனே இன்னொரு வெப் சர்வரையும் ஏத்தி ஓட விட்டிருக்கார். கடையில் ஜெராக்ஸ் போடும் ஸ்டெல்லா அக்கா மிஷினிலிருந்து திரும்பாமலே சொன்னாக: "ஒரே சீட்டுல ரெண்டு பேரைத் துண்டு போட விட்டா, பஸ்ஸு எப்படிண்ணே கெளம்பும்?"

மதுரை வண்டி

ரெண்டாவது துண்டுக்காரனை நிறுத்தினதும் அப்பாச்சி எழுந்தது. கடை வைஃபையில் ஓடினா அண்ணன் நம்பமாட்டார். ஒரு ஆள் தெருவில் நின்று மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்துச் சொல்லணும். எதிர் டீக்கடையில் நின்று திறந்தேன். பக்கம் ஜோரா வந்தது. அப்பாடா! ஆனா நல்ல சேதியைச் சும்மா சொல்ல மனசு வரலை. அண்ணாச்சியின் டிரம் குரலை எடுத்துக்கிட்டு கடை போனுக்கு அடித்தேன். ஸ்டெல்லா அக்கா நம்பரைப் பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டு ஸ்பீக்கரில் போட்டாக.

"அதாகப்பட்டது தம்பி, ஒண்ணும் வரல. மதுரைக்கு பஸ் ஏறிட்டேன்."

"அண்ணாச்சி, எறங்கிருங்க! ரெண்டே நிமிசம்!"

"ஃபேனை அமத்திப் பாருங்க, சர்வருக்குக் குளிருதோ என்னமோ."

கண்ணாடிக் கதவு வழியே பார்க்கிறேன், அண்ணன் அமத்திட்டார்!

அப்போ பைக்கில் வந்து இறங்கினார் நிஜ அண்ணாச்சி. உள்ளே போகும்போதே சத்தம்: "திருச்சுழியில இருந்து ரெண்டு லோடு புக்காயிருச்சு தம்பி! இனிமே எல்லா வேலையும் உங்களுக்குத்தேன்!" அந்த நொடியே நான் போனை வைத்திருக்கணும். வாய் நிக்கலையே: "அதாகப்பட்டது, நான் மதுரை ரோட்டுல காரியாபட்டி தாண்டிட்டேன்!"

அண்ணன் போனைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். மெதுவா ஃபேனைப் போட்டுவிட்டு, டீக்கடைப் பக்கம் திரும்பினார்.

"ஏலே, காரியாபட்டி தாண்டுனவனே! வரும்போது அண்ணாச்சிக்கு ஒரு டீ சொல்லிட்டு வா, உனக்கு இங்க தனியா இருக்கு!"

எந்த லாகைத் திறந்தாலும் பேர் வராத கோளாறு ஒண்ணு பாலிடெக்னிக் லீவுக்கு மட்டும் எங்க கடைக்கு வரும், அதுக்கு ரீஸ்டார்ட்டும் பலிக்காது.