மரியதாஸ் தமிழில் சொன்ன கதை

புதன்கிழமை காலை, வேலை செய்யும் கந்தோரில் விண்ணப்பப் படிவங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது சுனிலின் அழைப்பு வந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அம்பிட்டியவில் நாங்கள் கூடும் மண்டபத்தின் சாவி அவரிடம்தான் இருக்கும். மரியதாஸ் போய்விட்டார், வேலை செய்த குஷன் தைக்கும் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். நானும் சிங்களத்திலேயே சரி என்றேன். அதைத் தமிழில் சொல்லி அழ எனக்கு ஒருவர்தான் இருந்தார். அவரைப் பற்றித்தான் செய்தியே.

குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் கூடும் குழு அது. முதற்பெயர் மட்டுமே சொல்வோம். வட்டமாகக் கதிரை போட்டு ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். மரியதாஸின் பெயரை இங்கே எழுத அவருடைய மகளிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

அந்த இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்த விதம் பெருமைப்படத்தக்கதல்ல. டொக்டர் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த விலாசத்தோடு மூன்று ஞாயிறு பஸ் ஏறினேன். மூன்று தடவையும் எதிர்ப்பக்கப் பேக்கரியில் பிளேன்டீ குடித்துவிட்டு, தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்று பயந்து திரும்பிவிட்டேன். பட்டப்பகலில் கள்ளுத் தவறணைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன அதே ஆள்தான். நாலாவது ஞாயிறு பேக்கரி பூட்டியிருந்தது, மழை வேறு. வேறு வழியில்லாமல் மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

உள்ளே பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். எல்லோரும் சிங்களவர்கள். ஜன்னலோரக் கதிரையில் இருந்த ஒல்லியான மனிதர் மட்டும் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் மரியதாஸ். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்று பிறகு அறிந்தேன். அவர் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர் வேலைக்குப் படிக்கப் போறதுக்கு இன்டவியூ. மொத நாளு மக எல்லா சர்ட்டிபிகேட்டயும் கொப்பி எடுத்துட்டு வாங்கப்பான்னு என்கிட்ட குடுத்துச்சு. நான் குடிச்சிட்டு அத பார்லயே வச்சிட்டு வந்துட்டேன், இன்டவியூவும் போச்சு. பஸ்ல களவு போயிருச்சுன்னு புள்ளகிட்ட சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அது அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கு."

என்னை அறியாமல் "ஐயோ" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் பேச்சை நிறுத்தினார்.

"ஐயா தமிழா?"

"ஆமாங்க."

அன்று கதையை அத்தோடு முடித்துக்கொண்டார். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவரே பக்கத்தில் வந்தார்.

"மூணு வருசமா இதச் சொல்றேங்க. யாருக்கும் விளங்காதுங்கிற தைரியத்துலதான் சொன்னேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் காதுல விழுந்திருக்கு."

அந்தத் தைரியத்தை நான் கெடுத்துவிட்டேனோ என்று அந்தக் கிழமை முழுவதும் உறுத்தியது. அடுத்த ஞாயிறு போனபோது தம் கதிரைக்குப் பக்கத்தில் எனக்கொன்று போட்டு வைத்திருந்தார். அதே கதையை முதலிலிருந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சில மாதம் கழித்து மகளிடமும் சொல்லிவிட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. இனி அதுக்குத் தெரியாம இருக்கிறது நியாயமில்லீங்க" என்றார். மகள் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் அவர் குடிக்கவில்லை என்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். பிறகொரு ஞாயிறு, "காலைல தேத்தண்ணி ஊத்திக் குடுத்துச்சுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பஸ் வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

என் முறை வரும்போதெல்லாம் நான் சிங்களத்தில்தான் பேசினேன். கந்தோர்ச் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மரியதாஸிடம் அது எடுபடவில்லை.

"நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா யாருக்கோ வந்த கடிதத்த வாசிக்கிற மாதிரி இருக்கு. ஒரு நாளைக்குத் தமிழ்ல சொல்லுங்க. கேக்கத்தான் நான் இருக்கேனே."

"அடுத்த கிழமை பார்ப்போம்" என்பேன். இரண்டு வருடம் அப்படியே கடத்தினேன். கடைசியாக அவர் கேட்டது இறப்பதற்கு மூன்று நாள் முன்னால். அப்போதும் அடுத்த கிழமை என்றுதான் சொன்னேன்.

மரண வீட்டுக்குச் சுனிலோடு போனேன். எப்படிப் பழக்கம் என்று உறவினர் ஒருவர் கேட்டார். அப்போது மகள் எழுந்து வந்தார்.

"நீங்கதானே தமிழ் விளங்குற ஐயா? அப்பா சொல்லியிருக்காங்க."

நான் தலையாட்டினேன்.

"உண்மை தெரிஞ்சப்ப ரொம்பக் கோவம் வந்துச்சு. ஆனா அதுக்குப் பொறகுதான் அப்பாகிட்ட மனசுவிட்டுப் பேசினேன்."

இந்த ஞாயிறு மண்டபத்தில் ஜன்னலோரக் கதிரையை யாரும் எடுக்கவில்லை. என் முறை வந்தது. வழக்கம்போல் சிங்களத்தில் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் அந்த மொழியில் வரவில்லை. தமிழில் தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே கிடந்த பின்னேரம் நான் எங்கே குடித்துக்கொண்டிருந்தேன், பிறகு வீட்டில் என்ன பொய் சொன்னேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. அவரிடமிருந்து ஒரு "ம்" வராதா என்று ஏங்கி, இரண்டு தடவை அந்தக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன்.

சொல்லிவிட்டேன், மரியதாஸ். ஒரு கிழமை பிந்திவிட்டது. போய் வாருங்கள்.