வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ

என் கணவரின் அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டுகிறார். அவர்கள் கம்பெனிக்கு ராக்கெட்டில் பொருத்தும் ஒரு வளையம் கடையும் வேலை வந்தது. அவ்வளவுதான், என் ஓரகத்தியைக் கையில் பிடிக்க முடியவில்லை. கோலம் போடும்போதுகூட, "உங்க மாமா செஞ்சது வானத்துக்குப் போவுது, தெரியுமா?" என்பாள். என் கணவரும் அதே சிப்காட்டில்தான் கம்பி ஆலையில் அனலில் வேகிறார். அந்தக் கம்பி எவன் வீட்டுத் தூணுக்குள் கிடக்கிறதோ, யார் கண்டது? எனக்கு வயிறு எரிந்தது.

ஏழாவது படிக்கும் என் மகளும் பள்ளிக்கூடத்தில் பெரியப்பா புராணம்தான் பாடுவாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன கோடை விடுமுறையில் எல்லோருமாக ரயிலேறி சூளூர்பேட்டையில் இறங்கி, ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளி அருங்காட்சியகம் பார்க்கப் போனோம். உள்ளே நுழைந்ததும் மகள் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ராக்கெட்டின் ஒரு பாகத்தைப் பிரித்து வைத்திருந்த இடத்தில் மாமா நின்றார். "இதோ பாரு, நம்ம வளையம் இந்த மாதிரிதான்" என்றவர் செருப்பைக் கழற்றினார். ஆயுத பூஜையன்று லேத்தைத் தொடுவதுபோல் வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காவலாளி ஓடிவந்தார்.

"நைனா, கைய எடு! இது இன்னா கோயிலா?"

நல்லா வேணும்! எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. அதற்குள் என் கணவர் முன்னால் போய், "எங்க அண்ணன் செய்யறது சார் இது. தொட்டுக் கும்பிட்டுதான் மிஷினே போடுவாரு, அதே பழக்கம்" என்றார். காவலாளி மாமாவுக்குக் கை கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

"அப்பா, போட்டோ எடுப்பா!" என்று மகள் போனை நீட்டினாள்.

"இன்னா அங்கயே நின்னுக்கினு கீற? வா" என்று ஓரகத்தி என்னைக் கூப்பிட்டாள். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன். அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு வளையத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

திரும்பும்போது ரயிலில் மகள் படத்தைக் காட்டினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்குத்தான் வாயெல்லாம் பல்.

"உங்கப்பா எங்கடி?" என்றேன்.

"அவருதான எடுத்தாரு" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.