ஒரு வருஷத்துக்கு ஓர் அடி

நகரப் பேருந்து ஓட்டும் அவருக்குப் பயணிகள் வைத்த பெயர் அன்னநடை. ஓடி வருகிறவர் யாராக இருந்தாலும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். பள்ளம் வந்தால் முட்டைக் கூடையைச் சுமந்து போகிறவர் மாதிரி இறக்கி ஏற்றுவார். அதே வண்டியில் கண்டக்டர் அவருடைய மனைவியின் அண்ணன்.

"மாப்ள, பின்னாடி சைக்கிள்காரர் ரொம்ப நேரமா பெல் அடிக்கிறாரு, வழி விடுங்க" என்று மச்சான் குரல் கொடுத்தால் வண்டியே சிரிக்கும். டிரைவரும் சிரிப்பார்.

ஒரு நாள் மத்தியானம் டெப்போவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி ஒருவரின் சொத்து எவ்வளவு என்று டிவியில் சொன்னார்கள். மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து போனில் கணக்குப் போட ஆரம்பித்தார். பிறகு டூட்டி போர்டுக்குப் பக்கத்தில் கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"வாங்க மாப்ள. உங்க ஒரு வருஷச் சம்பளம் ஒரு அடின்னு வச்சுக்குவோம்."

நின்றிருந்த வண்டியின் முன் பம்பரிலிருந்து தரையில் கோடு இழுத்துக்கொண்டே போனார். பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

"இதான் நீங்க. வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும்."

"அவருக்கு?"

"அவருக்குக் கோடு போட வண்டியிலதான் போகணும். நாம தினம் ஓட்டுற தூரம் இருக்குல்ல, ஒரு நாள் கூட லீவு போடாம ரெண்டரை மாசம். அதுவும் ஒரே நேரா. திரும்பி வர்றதெல்லாம் கிடையாது."

"நடுவுல கடல் வந்துடுமே மச்சான்."

"வரும். அதுக்குள்ள அதையும் அவரே வாங்கியிருப்பாரு."

சுற்றி நின்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரைவரும் சிரித்துவைத்தார். ஆனால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்த பிறகு மனசு சரியில்லை. இத்தனை வருஷ வெயிலும் மழையும் முதுகுவலியும் ஒரு பஸ் நீளம்கூட இல்லை. யாருக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டினோம்?

அடுத்த நிறுத்தத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஒரு அம்மாவைக் கண்ணாடியில் பார்த்தார். பார்த்தும் வண்டியை எடுத்துவிட்டார். மச்சான் பதறிப்போய் விசிலை ஊதித் தள்ளினார். வண்டி நின்றது. அந்த அம்மா மூச்சிரைக்க முன்பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏம்ப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் அந்த அம்மா.

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வீட்டில் மனைவி அவருடைய யூனிஃபார்ம் சட்டைக் காலருக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். அவள் காலரைத் தேய்த்தபடியே கேட்டாள்.

"சரி, அந்தக் கோட்டுல எனக்கு எவ்வளவு?"

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவளுக்கு ஏது சம்பளம்?

"பாத்தீங்களா, நான் இன்னும் பிறக்கவே இல்ல" என்று அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலை டூட்டிக்கு அவருக்கு முன்னால் எழுந்து டப்பா கட்டியவள் அவள். படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் அம்மாவைக் கடைசி வரை தூக்கி உட்காரவைத்து ஊட்டியவளும் அவள்தான்.

"உங்கண்ணன் போட்ட கோடே தப்பு" என்றார்.

"அண்ணன் கணக்குல என்னிக்குத் தப்பு விட்டுச்சு? அது காசுக்குப் போட்ட கோடுங்க. அதுல போய் நீங்க எதுக்குப் படுத்துக்கிட்டீங்க?"

அவர், "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. "உங்க வண்டியில எத்தனையோ தடவ வந்திருக்கேன். ஒரு தடவையாவது என் பக்கத்துல உக்காந்திருக்கீங்களா?"

அடுத்த லீவு நாளில் இருவரும் அதே வண்டியில் ஏறினார்கள். வேறொரு டிரைவர் ஓட்டினார். மச்சான் பையைத் தட்டிக்கொண்டு வந்து, "டிக்கெட், டிக்கெட்! சொந்தக்காரங்களுக்கெல்லாம் சலுகை கிடையாது" என்று அதட்டினார்.

வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. அவள் முழங்காலில் கை வைத்து, "விடுங்க, இன்னிக்கு அவரு பாத்துக்குவாரு" என்றாள்.

மெல்ல மெல்லக் கால் அடங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

"அட, இங்க ஒரு செருப்புக் கடையா? எப்ப வந்துச்சு?"

"பத்து வருஷமாச்சு" என்றாள் அவள். "உங்க கால்ல இருக்கறது அங்க வாங்கினதுதான்."