சேத்து நண்டும் மொண்ணைத் துப்பாக்கியும்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், நடுவில் சிலது மறந்தும் போகும். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் துப்பாக்கி சுடுவதைப் பற்றி எழுத வந்திருக்கிறேன், எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

துப்பாக்கி என்றால் திருவிழாக் கடையில் பலூன் சுடுகிற துப்பாக்கிதான். வருஷத்துக்கு ஒருமுறை வந்தாலும் பொழுதுபோக்கு பொழுதுபோக்குதானே.

நான் பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பம். சின்ன வயதில் ஏரியில் இறங்கிக் கையாலேயே நண்டு பிடிப்போம். கட்டிக்கொண்டு வந்தது லைட்ஹவுஸ் குப்பத்துக்கு, கடலைப் பார்த்த வீட்டுக்கு. வந்த வாரமே என் வீட்டுக்காரரின் தங்கை எனக்குப் பேர் வைத்துவிட்டாள்: சேத்து நண்டு. ஏரிச் சேற்றில் வளர்ந்தவளாம், ஆளைக் கண்டால் வளைக்குள் ஓடுகிறவளாம்.

எங்கள் பக்கம் பட்டப்பேர் ஆளோடு போகாது, வீட்டுக்கே ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெரியவர் எப்போதோ கருவாட்டைத் திருடித் தின்றாராம். அவருடைய கொள்ளுப்பேரன் வரைக்கும் 'பூனை வீடு'தான். சில மாதத்தில் எனக்குப் பிள்ளை வயிற்றில். பிறப்பதற்கு முன்னாலேயே அது 'சேத்து நண்டு மவன்' ஆகிவிடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் பழவேற்காட்டுத் திருவிழாவில், டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரே பலூன் கடை போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சுட்டார், அவர் கூட்டாளிகள் சுட்டார்கள். எல்லா ரவையும் பலூனுக்கு மேலே துணியில் போய்ச் சொருகியது. நாத்தனார் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"அண்ணி, ஒரே ஒரு பலூன உடைச்சிடு, அந்தப் பேர இனிமே சொல்ல மாட்டேன். உடைக்கலன்னா ஆயுசுக்கும் சேத்து நண்டுதான்."

"எனுக்கு வாணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"டச்சுக்காரன் பீரங்கியா இன்னா, இப்படி நடுங்குற! புடி."

இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஒண்ண மூடும்மா, ஒண்ண!" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

தெளிந்த தண்ணீரில் நண்டு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்காது, கொஞ்சம் கீழேதான் இருக்கும். கண் ஓரிடம் பார்க்கும், கை அதற்குக் கீழே போகும். இங்கே தண்ணீர் ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பலூனைப் பார்த்தேன், துப்பாக்கியைக் கீழே இறக்கினேன், மூச்சைப் பிடித்தேன்.

பட்! நீலப் பலூனைக் காணோம்.

அடுத்து சிவப்பு. அதற்கு அடுத்ததும் போனது. கடைக்காரர் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "இரும்மா, இத்த வெச்சி சுடு" என்று புதுசு ஒன்றைக் கையில் கொடுத்தார். அதில் சுட்டதெல்லாம் பலூனுக்குக் கீழே பலகையில் பட்டது.

"பாத்தீங்களா, குருட்டு யோகம்!" என்றார்.

நான் வளை தேடினேன். அப்போது பாய்ந்தாள் என் நாத்தனார்.

"இன்னாபா நீ? தோத்தவ நானு, நானே ஒத்துக்கினேன், உனுக்கு இன்னா வலிக்குது? மாத்துத் துப்பாக்கி கணக்குல வராது!"

வீடு போகிற வரைக்கும் எதிரே வந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணிகிட்ட பாத்துப் பேசுங்க, சுட்டுடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தத் துப்பாக்கியின் முனையில் குறி பார்க்க இருக்கிற முளை தேய்ந்து மொண்ணையாகி, ரவை மேலே மேலே போயிருக்கிறது. என் கோணலும் அதன் கோணலும் ஒன்றை ஒன்று சரிக்கட்டியிருக்கிறது. கல்யாணமும் ஏறக்குறைய அதுதான் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார், பாவம், அவருக்கு ஒரு பலூன்கூட உடையவில்லையே.

அன்றிலிருந்து எந்தத் திருவிழாவையும் விட்டதில்லை. முதல் ரவையை மட்டும் பலூனுக்குக் குறிவைக்க மாட்டேன், வெறும் பலகையில் சுட்டு, துப்பாக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்வேன். மருமகள் வந்தபோதும் அப்படித்தான். முதல் மாதம் அவள் பேசினதெல்லாம் பலகையில் பட்டதாக வைத்துக்கொண்டேன். அவளும் என்னை அப்படியே வைத்துக்கொண்டாள் போல, சண்டையே இல்லை.

எங்கள் வீட்டுக்கு இப்போது 'துப்பாக்கி வீடு' என்று பேர். மகனுக்குப் பெண் கேட்கப் போனபோது அவர்கள் மிரண்டே போனார்கள். நாத்தனார்தான் உட்கார்ந்து கதையைச் சொல்லித் தேற்றினாள்.

உடைந்தது மூன்று பலூன் என்று என் ஞாபகம். நாத்தனார் ஐந்து என்கிறாள், வருஷத்துக்கு ஒன்று கூட்டுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னாலும் பரவாயில்லை. ஒன்றுக்குக் கீழே மட்டும் போய்விடாதீர்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.