ஈ தொலைத்த மரபணுக்கள்

வாசிப்பவரே, உங்களைத் தீர்ப்புச் சொல்ல நான் அழைக்கவில்லை. தீர்ப்பு வந்தாயிற்று, எனக்கு எதிராகவே வந்தாயிற்று. சாட்சியாக மட்டும் இருங்கள். ஓர் ஈ என் பேச்சைக் கெடுத்தது. நான் அந்த ஈயை அவையை விட்டே அகற்றினேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவு என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் படிக்க வந்தவன் நான். பள்ளிக் காலம் முதல் மேடைப்பேச்சில் பயிற்சி பெற்றவன். வாங்கிய கேடயங்கள் பீரோவின் மேல்தட்டில் இடம் போதாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. முதுகலை விலங்கியலின் இறுதியாண்டில் ஆய்வுத் திட்டத்தை இருவர் சேர்ந்து செய்ய வேண்டும். எனக்கு இணையாக வந்தவர், ஆவூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் வகுப்புத் தோழி. அவர் வீட்டில் ஏற்கெனவே மூன்று ஆசிரியர்கள். நான்காவதாக அவரையும் ஆக்கிவிட பி.எட். விண்ணப்பம் மேசைமேல் காத்திருந்தது. அவருக்கோ ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வெளியூர் ஆய்வகம் ஒன்றிலிருந்து ஒரு விஞ்ஞானி எங்கள் கருத்தரங்குக்கு வருகிறார், ஒரே ஒரு மாணவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார் என்று தெரிந்ததும், அந்த நாள் வரை தந்தையிடம் அவகாசம் கேட்டு வாங்கியிருந்தார். நான் சட்டம் படிக்கப் போகிறவன். எனக்கு அந்த இடம் தேவையில்லை. எங்களுக்குள் போட்டி இருந்ததில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவில் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்பதைச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பித் தெரிந்துகொள்கின்றன. அந்தச் செய்தியைத் தயாரிக்கும் மரபணுக் குடும்பங்களில் ஒன்றுக்கு 'வின்ட்' என்று பெயர். முதுகெலும்பில்லாத உயிர்களில் அந்தக் குடும்பம் எப்படி மாறி வந்தது என்பதை, இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் மரபணுத் தொகுப்புகளில் தேடிப் பட்டியலிடுவது எங்கள் வேலை. தேடியவர் அவர். பேசப்போகிறவன் நான். எங்கள் துறையின் வழக்கம் அது: நாவுள்ளவன் மேடைக்கு, மற்றவர் கணினிக்கு. யாரும் யாரையும் கேட்பதில்லை.

பேச்சு என்றால் அது ஏற வேண்டும். கடற்பஞ்சில் கொஞ்சம், கடற்சாமந்தியில் இன்னும் கொஞ்சம், பூச்சியில் மேலும் கொஞ்சம், மனிதனில் அனைத்தும் என்று பட்டியல் வருவதற்கு முன்பே மனத்துக்குள் படிக்கட்டைக் கட்டி, கடைசிப் படியில் கைதட்டலுக்கு இடமும் விட்டிருந்தேன். பட்டியல் வந்தது. பாறையில் ஒட்டிக்கொண்டு, மூளை என்று ஒன்றில்லாமல், வாயை மட்டும் திறந்து வைத்திருக்கும் கடற்சாமந்தியிடம் நம்மிடமுள்ள வின்ட் பிரிவுகளில் பெரும்பாலானவை இருந்தன. கண்ணும் காலும் சிறகும் படைத்த பழ ஈயிடம் பல இல்லை. உருளைப்புழுவிடம் இன்னும் குறைவு. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு பழைய மூதாதையிடம் ஏறக்குறைய முழுத் தொகுதியும் இருந்திருக்கிறது. வழியில் சிலர் தொலைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அவகாசம் இருந்தும் இந்த உயிர்களால் ஒழுங்காக ஒரு படி ஏற முடியாதா?

"ஈயில நீ சரியாத் தேடியிருக்க மாட்ட," என்றேன்.

அதைத்தான் இரண்டு மாதமாகச் சரிபார்த்ததாகச் சொன்னார். அதே முறையில் தேடினால் வண்டில் கிடைக்கிற பிரிவு ஈயில் கிடைக்கவில்லை. எனவே ஓட்டை தேடலில் இல்லை.

"அப்ப அந்த வரிசைய எடுத்துருவோம். கேக்குறவங்களுக்குக் கொழப்பமா இருக்கும்."

"கொழப்பம் அவங்களுக்கு இல்ல, பேச்சாளரே, ஒங்களுக்கு. அந்த வரிசைதான் நான் பாத்த வேலை. மத்ததெல்லாம் புத்தகத்துலயே கெடக்கு."

வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டேன். மனதாரத்தான் ஒப்புக்கொண்டேன்.

கருத்தரங்கு நாளில் அரங்கு நிறைந்திருந்தது. விஞ்ஞானி முதல் வரிசையில். இரண்டாவது நிமிடத்திலேயே அவை என் பிடிக்குள் வந்துவிட்டதை உணர்ந்தேன். மேடை தெரிந்தவனுக்கு அது உள்ளங்காலில் தெரியும். பட்டியல் திரையில் விழுந்தபோது, ஏறிக்கொண்டிருந்த என் வேகத்துக்கு முன்னால் அது பள்ளமாக நின்றது. அடுத்த பக்கம் என்று கையை வீசினேன். கணினியில் இருந்த தோழி மாற்றவில்லை. இரண்டாம் முறை வீசினேன். மாற்றினார். கடற்பஞ்சிலிருந்து மனிதன் வரை தடையின்றி ஏறினேன். கைதட்டினார்கள்.

விஞ்ஞானி கேட்டது ஒரே கேள்வி: சில உயிர்களில் இந்த மரபணுக்கள் குறைந்திருக்கின்றனவே, உங்கள் படிக்கட்டில் அவற்றுக்கு எங்கே இடம்? விடை நான் தள்ளிவிட்ட பக்கத்தில் இருந்தது. ஆனால் பட்டிமன்றத்தில் எனக்குக் கற்பித்தது வேறு. எதிரணி எழுந்தால் விடை சொல்லாதே, வீழ்த்து. "ஈ எதை இழந்தாலும், மிட்டாய்க் கடைக்குப் போகும் வழியை மட்டும் இழக்கவில்லை ஐயா," என்றேன். அரங்கு சிரித்து அதிர்ந்தது. தோழி எழுந்து, ஒரு பக்கம் காட்ட வேண்டும் என்று சொல்வதற்குள் மணி அடித்தார்கள். விஞ்ஞானி குறிப்பேட்டை மூடினார்.

தாழ்வாரத்தில் ஆளாளுக்கு வந்து கை குலுக்கினார்கள். ஒருவன் அந்த மிட்டாய்க் கடையை என்னிடமே திரும்பச் சொல்லிக் காட்டினான். விஞ்ஞானியை எதிரணியாக்கி வென்றிருக்கிறேன்; இதைவிட மூடத்தனமான வெற்றி எந்தக் கேடயத்திலும் பொறிக்கப்பட்டதில்லை. தோழி கணினியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியாமச் செஞ்சிருந்தா பேசலாம். தெரிஞ்சே தள்ளிவிட்ட. நாளைக்கு பி.எட். பாரத்துல கையெழுத்துப் போடுறேன்னு வீட்டுக்குச் சொல்லிட்டேன்."

மறுமொழிகள் எனக்கு எப்போதும் வரிசையாக வரும். அன்றும் வந்தன. ஒவ்வொன்றும் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. ஒன்றுகூட அவருக்குச் சொல்லத் தக்கதாக இல்லை. எரிச்சலோடே படியிறங்கி ஓடினேன். தேநீர்க் கோப்பையோடு நின்ற விஞ்ஞானியிடம், பட்டியலை மறைத்தது நான்தான், வேலை முழுக்கச் செய்தது என் தோழி என்றேன். தோழியை அழைத்துவரச் சொன்னார். கீழ்த் தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவரில் கணினியை வைத்துத் திறந்தார் தோழி. விஞ்ஞானி நின்றபடியே படித்தார். வண்டைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். தோழி சொன்ன விடைகளை மறுபடி திறந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இடம் தருவதாகச் சொல்லவில்லை. மாலைக்குள் முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க தம்பி. உள்ள கைதட்டுனவங்க, நீங்க சொன்னத நம்பிட்டுல்ல போவாங்க?"

தாழ்வாரத்தில் பலர் காதுபட, ஒலிபெருக்கி இல்லாமலே சொன்னேன்: "மத்தியானம் எல்லாரும் உக்காந்ததும் மொதல்ல நான் எந்திரிக்கிறேன் ஐயா. காலையில நான் சொன்னது தப்பு, ஈ தொலைச்சது உண்மை, அதக் கண்டுபிடிச்சது இவங்கன்னு சொல்லுவேன். யாரு சிரிச்சாலும் சொல்லி முடிச்சிட்டுத்தான் உக்காருவேன்."